மெழுகுதிரி தேய்த்த வரி

அந்தக் கடிதத்தை உரிக்க முடியாது, மகள். செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நேற்றுப் பின்னேரம் உன் கேள்வி போனில் வந்ததும் ஒரு துணியைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பலகையின் கீழ் மூலையில் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தேன். பிறகு நகத்தால் மெல்லக் கிளப்பினேன். பசை வரவில்லை, தாள்தான் வந்தது. அம்மா தன் பெயரை எழுதியிருந்த இடத்தில் இப்போது ஒரு வெள்ளைக் கிழிசல் இருக்கிறது. அதற்கு மேல் கை வைக்கவில்லை. சித்திரம் படிப்பிக்கிற ரீச்சருக்கும் போன் எடுத்துக் கேட்டேன். "உரிக்கிறதெண்டா ஏன் ஒட்டினீங்க?" என்று அந்த மனுசி ஒரே கேள்வியில் என்னை முடித்துவிட்டார். ஆக, அந்தக் கடிதம் வேண்டுமென்றால் பலகையோடுதான் வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி. இத்தாலிக்குக் கொண்டு போகிற பையில் அது போகாது.

மாதா கோவில் மண்டபத்திலிருந்து நீ எழும்பிப் போய் இரண்டு கிழமை. அதற்குப் பிறகு நீ என்னிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான். இன்னும் இருபது நாளில் பிளேன் ஏறுகிறாய். ஆகவே நீ கேட்காததற்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உன்னைவிடப் பத்தொன்பது வயதுதான் மூத்தவன். நீர்கொழும்பில் நீ தங்கியிருக்கிற போடிங்குக்கு வந்தபோது உன்னோடு இத்தாலி பாஷை படிக்கிற பிள்ளை என்னை உன் அண்ணன் என்று நினைத்தாள், ஞாபகம் இருக்கும். எனக்கு அது அப்போது பெருமையாக இருந்தது. இப்போது யோசித்தால், இந்த வீட்டில் நான் அப்பாவாக இருந்ததைவிட அண்ணனாக இருந்ததுதான் அதிகம் என்று தெரிகிறது. விளையாட்டுக்காட்ட, ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்க, பொய் சொல்ல.

நீ மண்டபத்துக்கு வந்தது மூன்றாவது ஞாயிறு மட்டும்தான். முதல் இரண்டு ஞாயிறும் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். வெளிநாட்டிலிருந்து வந்த, வெளிநாட்டுக்கு எழுதிய கடிதங்கள் வீட்டு அலுமாரிகளில் கிடந்து பூச்சி அரிக்கிறதாம், அவற்றை வைத்துக் குடும்பமாகச் சேர்ந்து படம் செய்வோம் என்று சிலாபத்திலிருந்து சித்திர ரீச்சர் வந்து பூசை முடிந்ததும் கேட்டார். எட்டுக் குடும்பம் சேர்ந்தது. உன் அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அலுமாரி லாச்சியைத் திறந்து, பழைய கடிதக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பையில் வைத்தாள். எந்தக் கடிதம் என்று நான் பார்க்கவில்லை. எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

ரீச்சர் ஒரு முறை வைத்திருந்தார். பலகையில் பழைய படகுப் பாய்த் துணியை ஒட்டி, அதற்கு மேல் கடிதத்தை எழுத்து தெரிகிறபடி ஒட்ட வேண்டும். "எழுதின ஆள் முதல். வாங்கின ஆள் கடைசி. நடுவுல வீட்டுல வேற ஆர் எண்டாலும்," என்றார். எழுதிய ஆளின் வேலை ஒன்றே ஒன்று. கோவிலில் எரிந்து மிஞ்சிய வெள்ளை மெழுகுதிரித் துண்டை எடுத்து, எந்த வரி மறையக் கூடாதோ அந்த வரிக்கு மேல் மட்டும் தேய்க்க வேண்டும். மெழுகு கண்ணுக்குத் தெரியாது. பிறகு நடுவில் வருகிற ஆள் தண்ணீர் வர்ணம் பூசி, மணல், வலைத் துண்டு, சிப்பி என்று கையில் கிடைத்ததை ஒட்டலாம். மெழுகு தேய்த்த இடத்தில் வர்ணம் பிடிக்காமல் உருண்டு போகும், அந்த வரி மட்டும் வெளியே நிற்கும். கடைசியில் கடிதம் யாருக்கு வந்ததோ அவர் வலது பக்கத்து வெறும் துணியில் தன் பதிலைப் படமாகக் கீற வேண்டும்.

எங்களுக்குப் பக்கத்து மேசையில் பெனடிக்ட் அண்ணன். இத்தாலியில் இருக்கிற மகனின் கடிதத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இவன் எழுதினது நாலே நாலு வரி. அதுல மூணு வரி சட்டை அளவு. எதுக்கு மேல பெயின்ட் அடிக்கிறது?" என்று கேட்டார். "சட்டைக்கு மேல அடிங்க அண்ணன்," என்றேன். மண்டபமே சிரித்தது. உன் அம்மா சிரிக்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து மெழுகுதிரி தேய்த்துக்கொண்டிருந்தாள். அதிக நேரம் எடுக்கவில்லை. ஒரே இடத்தில், முன்னும் பின்னுமாக, சட்டி அடியைத் தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்த்தாள்.

இரண்டாவது ஞாயிறு என் முறை. பலகையைத் திருப்பினதும் எந்தக் கடிதம் என்று கண்டுகொண்டேன். உன் அம்மா குவைத்தில் முதல் இரண்டு வருசம் முடிக்கிற நேரம், அங்கிருந்து ஊருக்கு வந்த ஒரு சிலாபத்து மனுசியின் கையில் கொடுத்தனுப்பின கடிதம். எனக்கு எழுதின தாளுக்குள் மடித்து உனக்கென்று தனியாக ஒரு தாள் வைத்திருந்தாள். உனக்கு அப்போது ஏழு வயது. புத்தகத்தில் அச்செழுத்து வாசிப்பாய், அம்மாவின் கூட்டெழுத்து உனக்கு வராது. நான்தான் வாசித்துக் காட்டினேன். என் மடியில் இருந்து, வாசிக்கிற விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

அந்தக் கடிதத்தின் நடுவில் இப்படி இருந்தது: எனக்கு உன்னிடம் வர விருப்பம், அப்பாவிடம் கேட்டேன், அப்பா இன்னும் இரண்டு வருசம் இருக்கச் சொன்னார். நான் அந்த வரிக்கு வந்ததும் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு, "அம்மாவுக்கு அங்க நல்லாப் பிடிச்சிருக்காம். இன்னும் ரெண்டு வருசம் இருந்திட்டு வாறாவாம்," என்று வாசித்தேன். நீ "திரும்ப வாசிங்க" என்றாய். திரும்பவும் அதையே சொன்னேன். மூன்றாம் தரம் நீயே எனக்கு முதல் அந்த வரியைச் சொன்னாய், பாடமாகிவிட்டது. அடுத்த நாள் மாமி வீட்டு முற்றத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நீ அதைச் சொல்லிக்கொண்டு நின்றதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "எங்கட அம்மாவுக்கு அங்கதான் பிடிச்சிருக்கு." அப்போதாவது உள்ளே வந்து திருத்தியிருக்கலாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டேன்.

ஏன் இருக்கச் சொன்னேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். நாட்டுச் சண்டை முடிந்து கடலுக்குப் போகிற கட்டுப்பாடெல்லாம் தளர்ந்த நேரம் அது. உடப்பிலிருந்து சிலாபம் வரைக்கும் இந்தக் கரையில் இருந்தவனெல்லாம் படகுக்குப் புது எஞ்சின் போட்டான். எனக்கு இருபத்தாறு வயது, எனக்கும் எஞ்சின் வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் உன் அம்மாவுக்குப் போன் கொடுப்பார்கள். அன்றைக்கு அவள், "நான் வரட்டா? பிள்ளைய நினைச்சா ஏலாம இருக்கு," என்றாள். "இப்ப வந்து என்ன செய்யப் போறாய்? இன்னும் ரெண்டு வருசம் இரு," என்றேன். அவ்வளவுதான். யோசிக்கக்கூட இல்லை, கடையில் மிச்சக் காசை வாங்குகிற மாதிரிச் சொன்னேன். "ஓம், சரி," என்றாள். அந்த எஞ்சினை வாங்கி ஒரு வருசம்கூட நான் ஓட்டவில்லை. கடல் அலுத்துவிட்டது, விற்றுவிட்டு மதுரங்குளிச் சந்தியில் முச்சக்கர வண்டி ஓட்டினேன். அதுவும் அலுத்தது. நான் எதிலும் நிலையாக இருக்கிற ஆளில்லை, மகள். ஆனால் அவளை மட்டும் நான்கு வருசம் ஒரே இடத்தில் இருக்கச் செய்தேன்.

சப்பாத்து விசயமும் சொல்கிறேன். சப்பாத்து வாங்க வேண்டும், பிள்ளையின் காலைத் தாளில் வைத்து, சுற்றிக் கோடு கீறி அளவு அனுப்புங்கள் என்று அவள் ஒவ்வொரு கடிதத்திலும் எனக்கு எழுதினாள். ஒரே ஒரு முறை கீறி அனுப்பினேன், உனக்கு ஆறு வயதில். பிறகு ஒவ்வொரு தரமும் நாளைக்கு, நாளைக்கு. ஒன்பது வயதில் உன்னைக் கட்டுநாயக்கா ஏர்போட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, உன்னைக் கட்டிப்பிடிக்கவும் துணிவில்லாமல், அங்கேயே நிலத்தில் முழங்காலில் இருந்து, உனக்கு வாங்கி வந்த சிவப்புச் சப்பாத்தை எடுத்தாள். உன் பாதி கால்கூட அதற்குள் போகவில்லை. நீ என் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவவுக்கு என்ட காலே தெரியாது," என்றாய். அவள் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். நான் வேன்காரனைத் தேடுகிற மாதிரி வேறு பக்கம் பார்த்தேன். அன்றைக்கு அவள் வாயைத் திறந்து, "உங்கட அப்பா அளவு அனுப்பல்ல," என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை நீ அவளை அம்மா என்று கூப்பிட்டு நான் கேட்டது கொஞ்சம். 'அவ சாப்பிட்டாவா, அவ எங்க' என்றுதான். அவளின் கடிதக் கட்டை அவள் உனக்கு நீட்டினபோது, "எல்லாம் அப்பா வாசிச்சிட்டார், எனக்கு வேண்டாம்," என்றாய். அதுதான் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய விடுதலை. இனி யாரும் அந்தத் தாளைத் திறக்க மாட்டார்கள் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த இரண்டாவது ஞாயிறு பலகையில் அது திறந்து கிடந்தது, என் கையில் பிரஷ். நான் என்ன செய்திருப்பேன் என்று நீ நினைக்கிறாய்? இதுதான் வசதி, நன்றாக மூடிவிடலாம் என்று சந்தோசப்பட்டேன். கடும் நீலம் கரைத்து, கடிதத்துக்குக் குறுக்காக ஒரே இழுப்பு. நீலம் எல்லா வரியிலும் இறங்கியது. அந்த வரிக்கு மேல் மட்டும் துளித் துளியாக உருண்டு வழிந்தது. அப்பா இன்னும் இரண்டு வருசம் இருக்கச் சொன்னார். சுற்றிவர நீலம், நடுவில் அது மட்டும் பளிச்சென்று. திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரோரம் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். நான் இரண்டாம் தரம் பூசினேன், மூன்றாம் தரம் பூசினேன். பிறகு பசையைக் கொட்டி, மணலை அள்ளி அந்த வரி முழுக்க அப்பி, கடற்கரை மாதிரி இழுத்துவிட்டேன். ரீச்சர் வந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே," என்றார். உன் அம்மா எழும்பி வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள், "அது நிக்காது."

அதற்குப் பிறகு ஏழு நாள் இருந்தது எனக்கு. ஒரு போன் எடுத்து உனக்குச் சொல்லியிருக்கலாம். மூன்று தரம் உன் பெயர் வரைக்கும் போய் வெட்டிவிட்டேன். மணல் இறுகிவிட்டது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மூன்றாவது ஞாயிறு நீ வந்தாய், விசா கிடைத்த சந்தோசத்தில் எல்லோருக்கும் பேஸ்ட்ரி வாங்கிக்கொண்டு. பலகையை மேசையில் நிமிர்த்தி வைத்தாய். மெழுகில் பசை பிடிக்காது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. மணல் ஒரு பாளமாக அப்படியே கழன்று உன் சட்டையில் விழுந்தது. நீ சட்டையைத் தட்டிக்கொண்டே, என்ன என்று பார்க்க, அந்த வரியை வாய்விட்டு வாசித்தாய். மண்டபத்தில் எல்லோரும் கேட்டார்கள்.

"என்ன இது?" என்று என்னைக் கேட்டாய். "நீங்க இப்படி வாசிக்கல்லையே."

நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். "அது பழைய கதை மகள், விடு," என்றேன். பதினாலு வருசத்துக்குப் பிறகு என் வாயில் வந்தது அதுதான். நீ பிரஷைத் தொடக்கூட இல்லை. அம்மாவை ஒருமுறை பார்த்தாய், என்னவோ கேட்கப் போகிறாய் என்று நினைத்தேன். கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாய். உன் பக்கத்துத் துணி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்து அவளோடு சண்டை பிடித்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "ஏன் அந்த வரியத் தேய்ச்சாய்? வேற வரியா இல்ல?" என்று கத்தினேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "மத்ததெல்லாம் நீங்க அவளுக்கு வாசிச்சுக் காட்டிட்டீங்கதானே," என்றாள். பிறகு, இவ்வளவு வருசம் சும்மா இருந்துவிட்டு ஏன் இப்போது என்று கேட்டேன். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கை கழுவினாள். "நான் வரேக்க அவ உங்கட கையப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. ஒரு ஆளையாவது பிள்ள நம்பட்டும் எண்டு விட்டன். இப்ப அவவும் போறா. போற இடத்தில ஆரும் இரு எண்டு சொன்னா, இருக்கிறதுதான் பிடிச்சிருக்கு எண்டு நினைச்சு இருந்திருவா. அது வேணாம்." இதைச் சொல்லிவிட்டு மீனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவள் என்னைப் பழிவாங்கத்தான் தேய்த்தாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் என்னை நினைக்கவே இல்லை. உன்னைத்தான் நினைத்திருக்கிறாள்.

இன்னும் ஒன்று. படகுக்கு அடிக்கிற எண்ணெய்ப் பெயின்ட் அரை டின் வீட்டில் கிடக்கிறது. அது மெழுகுக்கு மேலும் பிடிக்கும். போன செவ்வாய் உன் அம்மா சந்தைக்குப் போன நேரம் நான் மூடியைத் திறந்து, பலகைக்கு முன்னால் குந்தியிருந்தேன். பெயின்டை ஒரு குச்சியால் கலக்கியும்விட்டேன். கனநேரம் இருந்தேன். பிறகு மூடியை அடித்து இறுக்கிவிட்டேன். நல்லவனாக மாறிவிட்டேன் என்று இதைச் சொல்லவில்லை. நீ ஏற்கெனவே வாசித்துவிட்டாயே, இனி யாருக்காக மூடுவது என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது.

நீ இத்தாலியில் ஒரு வயதான மனுசியைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய். அம்மா பார்த்த வேலை மாதிரித்தான், நாடு மட்டும் வேறு. அப்பா என்று எனக்கு ஒரு புத்தி சொல்ல உரிமை இருந்தால் இதைச் சொல்கிறேன். வரவேண்டும் போல் இருந்தால் யாரையும் கேட்காதே. இங்கே கூரை ஒழுகுகிறது, மாமிக்குச் சுகமில்லை என்று நான் போனில் இழுத்தாலும் கேட்காதே. நான் இழுப்பேன், எனக்கு என்னைத் தெரியும். டிக்கெட்டைப் போட்டுவிட்டு, பிளேன் ஏறின பிறகு சொல். அதேபோல, இருக்க விருப்பமென்றால் இரு, அதையும் நீயே சொல். உன் விருப்பத்தை இன்னொருவரின் வாயால் யாருக்கும் சொல்லி அனுப்பாதே. உனக்கு வருகிற சொல்லையும் வேறு ஆளின் வாயால் கேட்டுவிட்டு முடிவெடுக்காதே. நான் ஒரு ஆள் நடுவில் நின்றதால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் பன்னிரண்டு வருசம் விருந்தாளிகள் மாதிரி இருந்தீர்கள்.

ஆகவே இனி நான் நடுவில் இல்லை. இன்றைக்குக் காலை ரயிலில் உன் அம்மா நீர்கொழும்புக்கு வருகிறாள், தனியாக. இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் தருகிறேன், உறையை ஒட்டவில்லை. நானும் வருகிறேன் என்று நான் சொல்லவில்லை, அவளும் என்னைக் கூப்பிடவில்லை. விடியவே எழும்பிக் குளித்து, அந்தப் பச்சைச் சேலையை உடுத்து, உனக்குப் பொரித்த மீனைப் பொதி செய்து வைத்திருக்கிறாள். என்ன கதைக்கப் போகிறாய் என்று கேட்டேன். "தெரியாது," என்றாள். "குவைத்தில அந்த வீட்டுச் சமையலறை எப்பிடி இருந்தது எண்டு சொல்லலாம். அவ ஒருநாளும் கேக்கல்லையே." பிறகு தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள், "அவ கதவத் திறக்காட்டி?"

"திறக்காட்டி என்ன, திரும்பி வா," என்றேன்.

"இல்ல, வெளிய இருப்பன்," என்றாள். "எனக்கு இருந்து பழக்கம்தானே."

மகள், அவளை வெளியில் இருக்க விடாதே. நீ என்னோடு கதைக்காமல் போனால் போ. அது எனக்கு வர வேண்டியதுதான். ஆனால் அவள் தட்டும்போது...

அவள் வாசலில் நின்று கூப்பிடுகிறாள். "உங்கட எழுத்து இன்னும் முடியல்லையா? கோச்சி எனக்காக நிக்காது." மோட்டார் சைக்கிள் காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகாது, உனக்குத் தெரியும். ஸ்டேசன் வரைக்கும் அவளை நான் ஏற்றிப் போக வேண்டும். கதவைத் திற.